ஊட்டியிலிருந்து மீன் காட்சியகத்துக்கு: சின்னக் குழந்தையோடு கீழே இறங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் வளரும் குழந்தைக்குக் கடல் என்பது படப் புத்தகத்தில் இருக்கும் ஒன்று. மீன் என்றால் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் ஐஸ் மேல் கிடக்கும் மத்தியும் அயிலையும்தான். உயிரோடு நீந்தும் சுறாவைக் காட்டிவிட வேண்டும் என்று பெற்றோருக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரியிலிருந்து புறப்படும் குடும்பத்துக்கு, சென்னைக் குடும்பத்துக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. முதல் தொட்டி முன் நிற்பதற்குள்ளேயே குழந்தை பாதி களைத்துப் போயிருக்கும். 2,240 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டம் வரை இறக்கம், காதடைப்பு, வாந்தி, ரயிலில் அரைத் தூக்கம், கீழே இறங்கியதும் புழுக்கம். இவ்வளவையும் தாண்டி வந்த மூன்று வயதுப் பிள்ளை இருட்டுக் கூடத்துக்குள் நுழைந்த உடனே அழுதால், அது மீனைப் பார்த்துப் பயந்த அழுகை அல்ல.

அதனால் இந்தப் பயணத்தில் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டியது குழந்தையின் தெம்பை. அதைச் சேர்த்து வைத்து, தொட்டி முன் கொண்டுபோய்ச் செலவழிக்க வேண்டும். கீழே உள்ள எல்லா யோசனையும் அதற்காகத்தான்.

எங்கே, எந்த வயதில், எந்த மாதம்

பெரிய காட்சியகம் என்றால் சென்னை ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள விஜிபி மரைன் கிங்டம். 2019-ல் திறந்தது. மழைக்காட்டு நன்னீர் மீன்களில் தொடங்கி, அலையாத்திக் காடு, கடலோரம் எனப் போய் ஆழ்கடலில் முடிகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். தலைக்கு மேல் மீன் நீந்தும் கண்ணாடிக் குகையும் உண்டு. கொடைக்கானல் பக்கத்துக் குடும்பங்களுக்கு மதுரை வழியாக மண்டபம் போவது சுலபம். அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையில் சிறிய காட்சியகம் இருக்கிறது. 1947-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு 1971 வரை மண்டபம்தான் தலைமையிடம். மன்னார் வளைகுடா மீன்களை, அந்தக் கடல் பக்கத்திலேயே இருக்க, பார்க்கலாம். கோடை விடுமுறையில் கோவை மாதிரி ஊர்களில் தற்காலிகமாகப் போடும் கண்ணாடிக் குகைப் பொருட்காட்சிகளும் உண்டு. ஆனால் ஒலிபெருக்கிச் சத்தமும் கூட்டமும் அதிகம். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு அதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஒன்றரை வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இவ்வளவு தூரம் தேவையில்லை. ஆட்கொள்ளும் காட்சிதான் என்றாலும், அந்த வயதில் வீட்டுப் பக்கத்து அலங்கார மீன் கடையில் பத்து நிமிடம் நின்றாலே அதே சந்தோஷம் கிடைக்கும். இரண்டரையிலிருந்து மூன்றுக்குள் இருந்தால் உள்ளே முக்கால் மணி நேரம், அதிகம் போனால் ஒரு மணி நேரம் தாங்கும். ஐந்து வயதுக்கு மேல் ஒன்றரை மணி நேரம் ஓடும். இதைத் தாண்டித் திட்டம் போட வேண்டாம்.

மாதத்தில் தை, மாசியே மேல். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் மழை, மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அதோடு மே மாத சீசனில் மலைப் பாதையிலும் நெரிசல். இன்னும் பள்ளிக்கூடம் போகாத குழந்தை என்றால் விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டாம். பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் ஒரு நாளைப் பிடியுங்கள். அந்த நாளில் காட்சியகம் திறந்திருக்கிறதா, எத்தனை வயது வரை டிக்கெட் இல்லை என்பதைப் புறப்படும் முன் இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

ஒரு வாரம் முன்: மார்க்கெட்டில் முதல் பாடம்

பெரிய தொட்டியில் நூறு மீன் ஒரே நேரத்தில் சுற்றும்போது, எதைப் பார்ப்பது என்று சின்னக் குழந்தைக்குத் தெரியாது. ஏற்கெனவே ஒரு மீனின் உடம்பு தெரிந்திருந்தால் கண் தானாக அங்கே போகும். அதைக் கற்றுக்கொடுக்க மீன் கடை போதும்.

கூட்டம் குறைந்த நேரத்தில் போய், ஒரு அயிலையைக் கையில் வாங்கிக் குழந்தையின் கண் மட்டத்தில் பிடியுங்கள். செவுள் மூடியைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்குங்கள். உள்ளே சீப்புப் பல் மாதிரி வரிசையாகச் சிவப்பு இழைகள் இருக்கும். “மீன் மூச்சு விடுறது இதாலதான் கண்ணு. வாயில தண்ணி குடிச்சு, இது வழியா விடும்” என்று சொன்னால் போதும். பிறகு முதுகுத் துடுப்பை விரித்துக் காட்டுங்கள். கண்ணைக் காட்டி, “இதுக்கு இமை இருக்கா பாரு” என்று கேளுங்கள். இருக்காது. செவுள், துடுப்பு, கண் என இந்த மூன்றும் காட்சியகத்தில் மூன்று கேள்விகளாகத் திரும்பி வரும்.

ட்ரவுட் மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். நூறு வருடத்துக்கும் மேலாக அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க வைத்து, நம் மலை ஓடைகளில் விட்டு வளர்த்த மீன் அது. குளிர்ந்த தண்ணீரில்தான் பிழைக்கும். “நம்ம ஊரு மீனுக்குக் குளிர் வேணும், கீழே இருக்கிற மீனுக்குச் சூடு வேணும்” என்பது நான்கு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

சுறா வாயைப் பிளந்து துரத்தும் வீடியோக்களை அந்த வாரம் காட்டாதீர்கள். கண்ணாடிக் குகை வாசலில் நின்று உள்ளே வர மாட்டேன் என்று அடம்பிடிப்பதற்குப் பெரும்பாலும் அவையே காரணம்.

மலை இறக்கம்

பயணம் கெடுவது இங்கேதான். இரண்டு தனித்தனித் தொல்லைகள்: தலைசுற்றல், காதடைப்பு. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

தலைசுற்றல் வருவது கண்ணுக்கும் உள்காதுக்கும் ஒத்துப் போகாததால். வண்டி வளைவதை உள்காது உணரும். கண்ணோ முன் சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்து, எதுவும் அசையவில்லை என்று சொல்லும். இரண்டு வயதுக்குக் கீழே இது அரிது. அதற்கு மேல் அதிகமாகும். எனவே குழந்தைக்கு வெளியே தூரம் தெரிய வேண்டும். காரில் பின் சீட்டின் நடுவில், குழந்தை இருக்கையில், முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரியும்படி உட்கார வையுங்கள். பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டைத் தவிர்த்து, முன்னால் இரண்டாவது, மூன்றாவது வரிசையைப் பிடியுங்கள். ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருக்கட்டும். செல்போன், படப் புத்தகம், வண்ணம் தீட்டுவது எதுவும் மேட்டுப்பாளையம் வரை வேண்டாம்.

சாப்பாடு புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன். இட்லி இரண்டு, அல்லது கொஞ்சம் ரசம் சாதம். பூரி, வடை, ஒரு டம்ளர் நிறையப் பால் இவை வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, அதுவும் குமட்டும். எப்போதுமே வாந்தி எடுக்கும் குழந்தை என்றால், முதல் நாளே குழந்தை மருத்துவரிடம் கேட்டு மருந்தும் அளவும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். எடை குறைந்த பிள்ளைக்கு அது ஆபத்து.

வாந்திக்குப் பிளாஸ்டிக் பை நம் மாவட்டத்தில் தடை, அது ஓட்டையாகி மடியில் ஒழுகவும் செய்யும். அகலமான வாயும் இறுக்கமான மூடியும் உள்ள பழைய ஐஸ்கிரீம் டப்பா இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அடியில் பழைய செய்தித்தாளைக் கிழித்துப் போட்டு வைத்தால் நாற்றமும் அலம்பலும் குறையும்.

காதடைப்பு வேறு கதை. ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். இறங்க இறங்க வெளி அழுத்தம் கூடி, செவிப்பறையை உள்ளே தள்ளும். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையே உள்ள சின்னக் குழல் திறந்தால்தான் அது சமமாகும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அந்தக் குழல் திறக்கும். குழந்தைக்கு அந்தக் குழல் குறுகலாகவும் படுக்கைவாட்டாகவும் இருப்பதால் நம்மைவிடக் கஷ்டப்படும். ஏறும்போது காற்று தானாக வெளியே வந்துவிடும். இறங்கும்போதுதான் வலி.

அழுத்தத்தைக் கண்ணால் காட்ட ஒரு வழி: காலியான மெல்லிய ஷாம்பு டப்பா ஒன்றை ஊட்டியில் இறுக மூடிக் குழந்தையிடம் கொடுங்கள். மேட்டுப்பாளையத்தில் பார்த்தால் வயிறு ஒட்டிப் போயிருக்கும். “உன் காதும் இப்படித்தான் அமுங்குது, தண்ணி விழுங்கினா சரியாயிடும்” என்றால், அதன் பிறகு தண்ணீர் குடி என்று கெஞ்ச வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு வாய் வெதுவெதுப்பான தண்ணீர். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டுமானால் காரை ஓரமாக நிறுத்திக் கொடுங்கள். நான்கு வயதுக்குக் கீழே கெட்டியான மிட்டாய் வேண்டாம், வளைவில் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். வண்டி இறங்கும் நேரத்தில் குழந்தை ஆழ்ந்து தூங்கினால் விழுங்குவது குறையும். அதனால் மதியத் தூக்கத்தை முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. சளியோடு காது வலி இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இதில் மட்டும் டிக்கெட் பணத்தைப் பார்க்காதீர்கள்.

மூன்றாவதாக ஒன்று, பலர் கவனிப்பதில்லை: துணி. ஜனவரிக் குளிரில் தெர்மல், ஸ்வெட்டர், குரங்குக் குல்லா எல்லாம் போட்டுக் கிளப்புவோம். குழந்தை மடியில் தூங்கினால் கழற்ற மனம் வராது. பர்லியாருக்குள் வியர்த்து, அந்தப் புழுக்கத்திலேயே வாந்தி வந்துவிடும். குன்னூர் தாண்டியதும் குல்லாவும் ஸ்வெட்டரும், பர்லியாரில் தெர்மல் என்று படிப்படியாகக் கழற்றுங்கள். பர்லியாரில் நிறுத்தினால் குழந்தை கையில் பிஸ்கட்டோ பழமோ இருக்கக் கூடாது, குரங்கு பறித்துவிடும்.

மே மாத சீசனில் பொதுவாக மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறவும், கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் பாதை ஆக்குவார்கள். குன்னூர்க்காரர்கள் ரயிலைப் பிடிக்க வேண்டிய நாளில் இதை மறந்துவிட்டால் திண்டாட்டம்தான்.

இந்த எல்லாத் தொல்லைக்கும் மாற்று நம் மலை ரயில். ஊட்டியிலிருந்து மதியம் 2 மணிக்குக் கிளம்பும் வண்டி 46 கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு இறங்குகிறது. மெல்ல இறங்குவதால் காதுக்கும் நேரம் கிடைக்கும். கொண்டை ஊசித் திருப்பம் இல்லாததால் வயிறும் அமைதியாக இருக்கும். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்பதிவை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

இரவு ரயில், பிறகு ஒரு நாள் சும்மா

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு 9 மணியை ஒட்டிக் கிளம்பி விடிகாலையில் சென்னை சென்ட்ரல் சேர்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், ஆனால் தனிப் படுக்கையும் கிடையாது. கீழ்ப் படுக்கையில் அம்மா வெளிப்பக்கம், குழந்தை சுவர்ப்பக்கம். போர்வையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் உருண்டு விழாது. சாப்பாட்டை ஸ்டேஷனிலேயே முடித்து, பல் துலக்கி, ஏறியதும் படுக்கப் போடுங்கள்.

இப்போது முக்கியமான பேச்சு. சென்ட்ரலில் இறங்கி, குளித்து, அன்றே காட்சியகம் போவதுதான் எல்லோரும் போடும் திட்டம். அது வேண்டாம். ஒரு நாள் முழுக்கச் சும்மா இருங்கள். ஈஞ்சம்பாக்கம் சென்ட்ரலிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் சொந்தக்காரர் வீடோ அறையோ கிடைத்தால் மறுநாள் காலை அலைச்சல் மிச்சம். முதல் நாள் வேலை குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பது, தூங்க வைப்பது, மாலையில் கொஞ்ச நேரம் கடற்கரை. மலைப் பிள்ளைகள் தாகத்தைக் கேட்டு வாங்கிக் குடிப்பது குறைவு, குளிரில் வளர்ந்த பழக்கம். மணிக்கொரு முறை நீங்களே தண்ணீரோ மோரோ கொடுங்கள். ஐந்தாறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, போனாலும் அடர் மஞ்சளாக இருக்கிறது என்றால் உப்பு சர்க்கரைக் கரைசலைத் தொடங்குங்கள். அம்மிச்சியும் (பாட்டி) கூட வந்தால் மிகவும் நல்லது. அறையில் ஒருவர், கடைக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்.

அன்றைய பை

பெரிய பை வேண்டாம். உள்ளே தோளில் தொங்கிக்கொண்டு, குனியும்போதெல்லாம் கண்ணாடியில் இடிக்கும்.

- மாற்றுத் துணி ஒரு செட், சின்னத் துண்டு
- டயப்பர் போடும் குழந்தைக்கு மூன்று
- அரை லிட்டர் ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர்
- மலையிலிருந்து போட்டு வந்த அதே ஸ்வெட்டர்
- சோப்புத் தாள் அல்லது சின்ன சோப்பு
- குழந்தையின் அன்றாட மருந்து

ஸ்வெட்டர் எதற்கு என்று தோன்றும். வெளியே 33 டிகிரி, உள்ளே ஏசி. வியர்த்த சட்டையோடு நுழைந்தால் பத்தே நிமிடத்தில் குழந்தை நடுங்கும். வாசலிலேயே உள்சட்டையை மாற்றி, ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிவிடுங்கள்.

சட்டை நிறத்திலும் ஒரு சூட்சுமம். கூட்டத்தில் தெரியட்டும் என்று சிவப்பு போடுவது வழக்கம். ஆனால் காட்சியகக் கூடங்களில் விளக்கு பெரும்பாலும் நீலம். நீல வெளிச்சத்தில் சிவப்பு கறுத்துப் போய் இருட்டோடு கலந்துவிடும். வெள்ளையும் எலுமிச்சை மஞ்சளும்தான் பளிச்சென்று தெரியும். நடந்தால் கீச்கீச் என்று சத்தம் போடும் செருப்பை அறையிலேயே விட்டுவிடுங்கள். காலையில் கிளம்பும்போது குழந்தையை முழுதாக ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முன்கையின் உள்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் உங்கள் செல் நம்பரை எழுதுங்கள். தொலைந்தால், “வெள்ளைச் சட்டை, மூணு வயசு” என்று சொல்வதைவிட அந்தப் படம் பத்து மடங்கு வேகம்.

வாசலில் ஐந்து நிமிடம்

திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். முதல் ஒரு மணி நேரம்தான் கூடம் காலியாக இருக்கும், கண்ணாடியிலும் இன்னும் கைரேகை படிந்திருக்காது. சாப்பிட்டு, கழிவறை போய்விட்டு, பிறகு டிக்கெட்.

உள்ளே நுழைந்ததும் நடக்காதீர்கள். ஈ.சி.ஆர். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு அந்த இருட்டு பழகச் சில நிமிடம் ஆகும். அது வரை குழந்தைக்குக் கறுப்பும் எதிரொலியும்தான் தெரியும். பயம் பிறப்பது இந்த இடைவெளியில்தான். முதல் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் மெதுவாகப் பேசுங்கள். “இப்ப என்ன தெரியுது? இப்ப?” என்று கேட்டால் அதுவே விளையாட்டாகிவிடும்.

தள்ளுவண்டியை விட, மார்போடு கட்டும் துணித் தூளி நல்லது. தள்ளுவண்டியில் உட்கார்ந்த குழந்தைக்குப் பெரியவர்களின் முதுகும் கைப்பையும்தான் தெரியும்.

தொட்டி முன்: குறைவாகப் பாருங்கள், நிறைய நேரம் பாருங்கள்

முப்பது தொட்டி இருந்தால் ஆறு தொட்டி போதும். கொடுத்த காசுக்கு எல்லாம் பார்க்க வேண்டாமா என்று தோன்றும். முப்பதையும் பார்த்த பிள்ளைக்கு மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. ஆறைப் பார்த்த பிள்ளை ஆறையும் வரைந்து காட்டும். நன்னீர்ப் பகுதி முதலில் வருவதால் தெம்பு முழுக்க அங்கேயே தீர்ந்து, கடல் பகுதிக்கு வரும்போது பலர் தூக்கச் சொல்லி அழுவார்கள். நன்னீரில் ஒன்றே ஒன்று, மற்ற ஐந்து கடலில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தொட்டியிலும் ஒரே முறை: முதலில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று மொத்தமும் பாருங்கள். பிறகு பக்கத்தில் போய் முட்டி போட்டு, உங்கள் கண்ணைக் குழந்தையின் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரே ஒரு மீனைத் தேர்ந்து, அது எங்கே போகிறது என்று மூன்று நான்கு நிமிடம் பின்தொடருங்கள். பெயர்ப் பலகையைக் கடைசியில் படித்தால் போதும்.

எதைப் பார்ப்பது? இவை சின்னப் பிள்ளைகளை ஒரு போதும் ஏமாற்றுவதில்லை.

திருக்கை கண்ணாடியில் ஒட்டி மேலே ஏறும்போது, வெள்ளை வயிற்றில் இரண்டு கண்ணும் சிரிக்கிற வாயும் இருப்பது போலத் தெரியும். அந்தக் “கண்கள்” உண்மையில் மூக்குத் துளைகள். நிஜக் கண் முதுகுப் பக்கம். மீன் திரும்பும் வரை காத்திருந்து, “அசல் கண்ணு எங்க, கண்டுபிடி” என்று கேளுங்கள்.

சுறாக்களில் கறுப்பு நுனித் துடுப்புச் சுறா நிற்கவே நிற்காது. நீந்தினால்தான் செவுளில் தண்ணீர் பாயும், மூச்சு வரும். மூங்கில் சுறா மாதிரி சில இனங்கள் தரையில் படுத்தபடியே வாயால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். “ஏன் அது மட்டும் தூங்குது?” என்ற கேள்வி வந்தால், மார்க்கெட்டில் பார்த்த செவுளை இங்கே நினைவுபடுத்துங்கள். விலாங்கு பாறைப் பொந்திலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும் மூச்சுக்குத்தான், கடிக்க அல்ல. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் போய்விடும்.

கடல் குதிரைத் தொட்டிக்குக் கூட்டம் குறைவு, அதனால் நமக்கு லாபம். வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு கண்ணும் தனித்தனியே சுழலும். முட்டையைப் பையில் சுமப்பது அப்பா. நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் உயிர், பிடிக்கவோ விற்கவோ சட்டப்படி தடை.

கோமாளி மீன் கடல் சாமந்தியின் கொட்டும் விரல்களுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு வாழும். அதன் உடம்பின் மேல் உள்ள வழவழப்பு அதைக் காப்பாற்றுகிறது. சொறி மீனுக்கு மூளை இல்லை, இதயமும் இல்லை. மூலையில் சிக்கிக் கிழியாமல் இருக்கத்தான் அதன் தொட்டியை வட்டமாக அமைத்து, தண்ணீரைச் சுழல விடுகிறார்கள். அழுது சோர்ந்த குழந்தையை அமைதிப்படுத்த இந்தத் தொட்டியை மிஞ்சியது இல்லை. மெல்ல விரிந்து சுருங்குவதைப் பார்த்தபடியே மூச்சு சீராகும்.

“இது செத்துப் போச்சா?”, “இதைச் சாப்பிடலாமா?” இந்த இரண்டு கேள்வியும் கட்டாயம் வரும். அதட்ட வேண்டாம். களவாவைப் பார்த்து, “ஆமா, வீட்டுல இதைக் குழம்பு வைப்போம், இங்க இருக்கிறது பார்க்கிறதுக்கு” என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

கண்ணாடியைத் தட்டக் கூடாது என்பதற்குக் காரணம் சொல்லுங்கள். தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும், அதிர்வை மீன் காதால் மட்டுமல்ல, உடம்பின் இரு பக்கமும் நீளமாக ஓடும் பக்கவாட்டுக் கோடு என்ற உணர் உறுப்பாலும் உணரும். குழந்தைக்குச் சொல்ல: ஒரு காலி டப்பாவைக் காதில் வைத்து வெளியே ஒரு தட்டுத் தட்டிக் காட்டுங்கள், புரிந்துவிடும். பெரிய தொட்டிகள் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். மோதிரம், சாவி, பொம்மைக் கார் எது பட்டாலும் கீறிவிடும். போட்டோவுக்கு ஃபிளாஷ் வேண்டாம். மீனுக்கு மூட இமை இல்லை, படத்திலும் வெள்ளைப் பொட்டுதான் விழும். செல்போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுத்தால் பிரதிபலிப்பு வராது.

கண்ணாடிக் குகை

தட்டையான கண்ணாடி வழியே பார்க்கும்போது ஒளி விலகலால் மீன் உண்மையைவிடப் பக்கத்திலும் பெரிதாகவும் தெரியும். வளைந்த குகைக்குள் நின்று பார்த்தால் இதற்கு நேர்மாறு, சிறிதாகத் தெரியும். வெளியே பெரிய சுறாவைப் பார்த்துவிட்டு வரும் குழந்தையிடம், “உள்ளே போனா அது சின்னதா ஆயிடும், பாரேன்” என்று சொல்லி அழைத்துப் போகலாம். பொய் இல்லை, பயமும் தணியும்.

அடம்பிடித்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வாசலில் சுவரோரம் நின்று, மற்ற பிள்ளைகள் போவதையும் வெளியே வருவதையும் காட்டுங்கள். ஒருவர் முன்னால் போய் உள்ளிருந்து கையசைக்கட்டும். ஐந்து நிமிடத்தில் மனம் மாறவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வருடம் தானாக ஓடும். உள்ளே போகிறவர்கள் குழந்தையின் கையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் நடக்க விடுங்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நடப்பதால் கீழே நிற்கும் பிள்ளையை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தொட்டுப் பார்க்கும் தொட்டி

இருந்தால், முதலில் வெறும் தண்ணீரில் கை கழுவுங்கள். சானிடைசர், கிரீம், தேங்காயெண்ணெய் எதுவும் கையில் இருக்கக் கூடாது, அது அந்த உயிர்களின் தோலைப் பாதிக்கும். இரண்டு விரலை மட்டும் நீட்டி, தண்ணீருக்குள் வைத்தபடியே மெல்லத் தடவ வேண்டும். நட்சத்திர மீனை வெளியே தூக்கக் கூடாது. முடித்ததும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகளின் கை நேராக வாய்க்குத்தான் போகும்.

எப்போது கிளம்புவது

கண்ணைக் கசக்குவது, தரையில் உட்காருவது, தொட்டியை விட்டு மற்றவர்களின் காலைப் பார்ப்பது. இவற்றில் இரண்டு வந்தால் நேரம் முடிந்தது. மூழ்காளர் தீனி போடும் காட்சிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறதே என்று இழுத்துப் பிடிக்காதீர்கள். வாசலில் பொம்மைக் கடை இருக்கும். எதையும் வாங்க மாட்டோம், அல்லது ஒன்றே ஒன்று என்று காலையிலேயே பேசி முடித்திருந்தால் அங்கே போர் நடக்காது.

மலை ஏறும்போது

ஏற்றத்தில் காது தொல்லை தராது. வயிற்றுக்கு மட்டும் முன் சொன்னதெல்லாம் பொருந்தும். கீழே வாங்கிய ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை மேட்டுப்பாளையத்திலேயே காலி செய்து, ஸ்டீல் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் பறிமுதல், அபராதம் உண்டு. நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்கு மலை ஏற இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) வேண்டாம், ஆனால் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ வாடகைக் கார் எடுத்தால் பதிவு செய்துதான் ஏற வேண்டும். தூங்கும் குழந்தையோடு கல்லாறில் வரிசையில் நிற்பதைத் தவிர்க்க, ரயிலிலேயே செல்போனில் அதை முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, கட்டாயம் நடக்கும்: “நமக்கும் மீன் வேணும்.” அந்த நேரத்து உருக்கத்தில் கீழே கடையில் கவரில் மீன் வாங்கி ஏறாதீர்கள். கடைகளில் விற்கும் கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் எல்லாம் 25 டிகிரிக்கு மேல் பழகியவை. ஊட்டி ஜனவரி இரவில் வீட்டுத் தண்ணீர் 12 டிகிரிக்குப் போகும். மறுநாள் காலை மீன் மிதக்கும், குழந்தைக்கு இந்தப் பயணத்தின் கடைசி நினைவாக அதுதான் நிற்கும். வளர்க்கவே ஆசை என்றால், திரும்பி வந்து ஒரு மாதம் கழித்துத் தொடங்குங்கள். குளிர் தாங்கும் கோல்டு ஃபிஷ் இரண்டு, குறைந்தது 80 லிட்டர் தொட்டி, ஃபில்டர். வெப்பமண்டல மீன்தான் வேண்டுமென்றால் 40 லிட்டருக்கு 100 வாட் ஹீட்டர், அதோடு மின்தடை நேரத்தில் தொட்டியைப் போர்த்த ஒரு கம்பளி. மீனை விடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓட விட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். கழிவை முறிக்கும் பாக்டீரியா அந்தத் தீனியை நம்பித்தான் ஃபில்டரில் குடியேறும், குளிரில் அது இன்னும் மெதுவாக வளரும். பிறகு மீன் பெரிதாகிவிட்டது, பார்த்துக்கொள்ள முடியவில்லை என்றால், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். ஊட்டி ஏரியிலோ ஓடையிலோ விட வேண்டாம்.